உலங்குவானூர்தி விழுந்த பின்னரான நிமிடங்களுக்கும் கணக்கு வேண்டும்

2000 செப்டெம்பர் 16ஆம் திகதி, அம்பாறைக்கு வந்துகொண்டிருந்த, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் உலங்குவானூர்தி அரநாயக்க மலைப்பகுதியில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த எவரும் உயிர் தப்பவில்லை. விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அறிக்கை பகிரங்கமாக வெளியிடப்படவில்லை. சதி என்பாரும் மோசமான வானிலை என்பாரும் இயந்திரக் கோளாறு என்பாரும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் இன்றும் ஓயாமல் வாதிடுவதற்கு அந்த மௌனமே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

2025 மே 9ஆம் திகதி, மட்டக்களப்பு மாவட்டத்தினூடாகக் கடலைச் சேரும் மாதுறு ஓயாவின் நீர்த்தேக்கத்தில் விமானப்படையின் பெல் 212 உலங்குவானூர்தி விழுந்தபோதும் காரணம் பற்றிய அதே வாதம்தான் நடந்தது. இராணுவ விசேட படையணியின் பயிற்சி நிறைவு நிகழ்வுக்காகப் பறந்த அதில் 12 பேர் இருந்தனர். 6 பேர் உயிரிழந்தனர். ஏன் விழுந்தது என்று முகநூலில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். முதலாவது ஆளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க எத்தனை நிமிடங்கள் ஆயின என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

காரணத்தை ஆராய்வது அவசியம்தான், ஆனால் அது ஒற்றைச் சொல்லில் அடங்குவது அரிது. இயந்திரம் நின்றுவிட்டால் உலங்குவானூர்தி கல்லைப் போல் விழும் என்று பலர் நம்புகின்றனர். விமானி உடனடியாகச் சுழலித் தகடுகளின் கோணத்தைக் குறைத்தால், கீழிறங்கும்போது அடியிலிருந்து எழும் காற்றே சுழலியைச் சுழற்றிக்கொண்டிருக்கும்; தரையை நெருங்கும் கணத்தில் அந்தச் சுழற்சியின் வலுவைக் கொண்டு பத்திரமாக இறக்கவும் முடியும். ஆனால் அதற்குப் போதிய உயரமோ வேகமோ இருக்க வேண்டும். சாகசக் காட்சியிலும் வெள்ள நிவாரணப் பணியிலும் பெரும்பாலும் இவை இரண்டுமே இருப்பதில்லை. 2025 நவம்பர் 30ஆம் திகதி, டித்வா புயல் நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த இன்னொரு பெல் 212 லுணுவிலவில் விழுந்து அதன் விமானி உயிரிழந்ததை நாம் மறந்துவிடக்கூடாது.

சிறிய பாகம் ஒன்றும் போதும். 2018 ஒக்டோபரில் இங்கிலாந்தின் லெஸ்டர் உதைபந்தாட்ட மைதானத்திலிருந்து எழுந்த உலங்குவானூர்தி, வால் சுழலியிலிருந்த ஒரு பெயாரிங் இறுகிப் பழுதடைந்ததால் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. 5 பேர் இறந்தனர். முகிலோ இன்னும் கொடியது. வெளியே எதுவும் தெரியாதபோது, காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு, சரிந்து திரும்பும் வானூர்தி நேராகப் போவதாகவே விமானியை நம்பவைக்கிறது. 2020இல் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த விபத்தில் அமெரிக்க விசாரணையாளர்கள் கண்டறிந்தது இந்தத் திசைமயக்கத்தைத்தான். அவர்கள் அதை முழு அறிக்கையாக உலகின் முன் வைத்தார்கள்.

இனி, விழுந்த பின் நடப்பதைப் பார்ப்போம். இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் மேற்கூரையில் இருப்பதால், தண்ணீரில் விழும் உலங்குவானூர்தி பெரும்பாலும் உடனே தலைகீழாகப் புரண்டுவிடும். உள்ளே இருப்பவர் இருக்கைப் பட்டியில் தலைகீழாகத் தொங்குவார். மூக்கினுள் தண்ணீர் ஏறும். வலப்பக்கம் இருந்த கதவு இப்போது எந்தப் பக்கம் என்று புரியாது. உயிர்காப்பு அங்கியை உள்ளேயே ஊதிவிட்டால் அது அவரை மிதக்கச் செய்து, மேலே வந்துவிட்ட தரைப்பலகையோடு அழுத்திவிடும், வாசலுக்குக் கீழிறங்க விடாது. ஒரு கையால் சாளர விளிம்பைப் பற்றிக்கொண்டு மறு கையால் பட்டியைக் கழற்றி வெளியேற வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, நீச்சல் தடாகத்தில் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். மயங்கியவருக்கு அந்தப் பயிற்சியும் உதவாது. பக்கத்தில் படகும் சுழியோடியும் இருந்தால்தான் அவருக்கு வாழ்வு.

2024 மே மாதம் ஈரானிய ஜனாதிபதி ரைசி சென்ற உலங்குவானூர்தி பனிமூட்டத்தில் மலையில் மோதியபோது, அதிலிருந்த ஒருவர் சிறிது நேரம் உயிரோடிருந்து தொலைபேசியில் பேசினார் என்று அந்நாட்டு அதிகாரிகளே கூறினர். மீட்புப் பணியாளர்கள் இடத்தைக் கண்டதோ மறுநாள் காலையில். 2021 டிசெம்பரில் தமிழ்நாட்டின் குன்னூருக்கு அருகே இந்திய முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சென்ற உலங்குவானூர்தி விழுந்தபோது, நஞ்சப்பசத்திரம் மக்கள்தான் குடங்களில் தண்ணீரும் போர்வைகளுமாக முதலில் ஓடினர்.

முதலில் ஓடுபவர்கள் அயலவர்களே என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கு அருகே மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றபோதும் ஊரவர்கள் உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீரில் இறங்கினார்கள். நீர் நிறைந்த எங்கள் மாவட்டங்களில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியுலன்ஸ் கரை வரைக்கும்தான் வரும். கரைக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பது மீனவரின் தோணிதான்.

ஆகவே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களில் அமர்ந்திருக்கும் எங்கள் பிரதிநிதிகளிடம் நான் வேண்டுவது இதுதான். வாவியோரத்திலும் குளங்களின் அருகிலும் உள்ள மீனவர் சங்கங்களுக்கு மீட்புப் பயிற்சியும், இருக்கைப் பட்டியை அறுக்கும் கத்தி, கயிறு, உயிர்காப்பு அங்கி ஆகியனவும் வழங்கப்பட வேண்டும்; வான், நீர் விபத்து எதுவாயினும், அழைப்பு வந்த நேரம், முதற்படகு புறப்பட்ட நேரம், முதலாவது காயக்காரர் வைத்தியசாலை வாசலை அடைந்த நேரம் ஆகியவை விசாரணை அறிக்கையில் எழுதப்பட்டு, அந்த அறிக்கை தமிழிலும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்.