புள்ளிமான்களிடமும் பாடம் இருக்கிறது

கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு விலங்கு நலனை விரிவுரையோடு நிறுத்தாமல் களத்திலும் கற்பிக்க வேண்டும் என்று நான் வாசித்த கட்டுரை ஒன்று சொல்வது மிகச் சரி. பசி, அசௌகரியம், நோவு, பயம் இல்லாமல், தன் இயல்புப்படி வாழ்வது என்று விலங்குகளுக்கான 'ஐந்து சுதந்திரங்களை' 1979 இலேயே பிரித்தானியாவில் வகுத்துவிட்டார்கள். அதை மனப்பாடம் செய்தால் போதுமா? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைத் திருகோணமலைக்கும் கூட்டி வாருங்கள். கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் சோறு ஒட்டிய சொப்பிங் பையை அப்படியே மெல்லுகின்றன. அசைபோடும் விலங்குக்கு அது செரிக்காது. இரைப்பையில் பந்தாகச் சுருண்டு அடைக்கும். வயிறு உப்பியிருக்கும், விலா எலும்பு தெரியும். பார்க்கவே வயிறு எரிகிறது. நோயின் பெயரை மட்டும் கேட்காமல், அந்த மிருகம் எப்படி வாழ்கிறது என்றும் எழுதச் சொல்லிப் பரீட்சையில் புள்ளி போடுங்கள்.