அடுத்த நார்னியா படம் அலமாரிக் கதையாக இருக்க வேண்டாம்

பேசும் விலங்குகள் வாழும் நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றி சி. எஸ். லூயிஸ் எழுதிய வரிசையில் ஏழு புத்தகங்கள். அவற்றில் மூன்று 2005-க்கும் 2010-க்கும் இடையே படங்களாக வந்தன. நான்காவதாக எதை எடுப்பது என்ற பஞ்சாயத்து அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்தது. இப்போது நெட்பிளிக்ஸுக்காக கிரெட்டா கெர்விக் 'மெஜீஷியன்ஸ் நெஃப்யூ'வைக் கையில் எடுத்திருக்கிறார். குறைந்தது இரண்டு படங்களை அவர் இயக்குவார் என்பது முன்பே வந்த செய்தி. இரண்டாவது எது என்று கேட்டால், "இதிலென்ன சந்தேகம், அலமாரிக் கதைதான்" என்று பத்தில் ஒன்பது பேர் சொல்கிறார்கள். அலமாரிக் கதை என்று நான் சொல்வது 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' என்ற முதல் புத்தகத்தை.

நான் அந்தப் பத்தாவது ஆள். அடுத்து 'சில்வர் சேர்' வர வேண்டும் என்கிறேன். காரணங்களைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

முதலில் இந்த வரிசைச் சண்டையை ஓரமாக வைப்போம். புத்தகங்கள் வெளிவந்தது 1950 முதல் 1956 வரை, ஆண்டுக்கு ஒன்று. அலமாரிக் கதை முதலில் வந்தது. நார்னியா எப்படிப் பிறந்தது என்று சொல்லும் 'மெஜீஷியன்ஸ் நெஃப்யூ' ஆறாவதாக, 1955-இல் வந்தது. எந்த வரிசையில் படிப்பது என்று ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கும் அவன் அம்மாவுக்கும் வீட்டிலேயே கருத்து வேறுபாடு. 1957-இல் அந்தப் பையனுக்கு எழுதிய பதிலில் சி. எஸ். லூயிஸ் அவன் பக்கம் சாய்ந்தார், அதாவது கதைக்காலப்படி. ஆனால் எந்த வரிசையில் படித்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது என்றும் அதே கடிதத்தில் எழுதினார். எழுதியவரே இப்படிச் சொன்ன பிறகு நாம் எண் போட்டுக்கொண்டு அடித்துக்கொள்வானேன்?

படம் எடுப்பவர்களின் கணக்கு வேறு. 2005-இல் டிஸ்னியும் வால்டன் நிறுவனமும் சேர்ந்து அலமாரிக் கதையை எடுத்தன. உலகம் முழுவதும் 74 கோடி டாலரைத் தாண்டியது. அலமாரி வழியாக நார்னியாவுக்குள் போகும் அதே நான்கு பிள்ளைகளும் வருவதால் அடுத்தது 'பிரின்ஸ் காஸ்பியன்'. நடிப்பவர்களுக்கு மீசை முளைப்பதற்குள் எடுத்தாக வேண்டுமே! 20 கோடி டாலருக்கும் மேல் செலவழித்தார்கள். 2008 மே மாதத்தில், 'அயர்ன் மேன்' ஓடிக்கொண்டிருக்கும்போது, 'இண்டியானா ஜோன்ஸ்' வருவதற்கு ஒரு வாரம் முன்பு வெளியிட்டார்கள். வசூல் ஏறக்குறைய 42 கோடி. அந்த ஆண்டு முடிவதற்குள் டிஸ்னி கழன்றுகொண்டது. ஃபாக்ஸ் நிறுவனம் கை கொடுக்க, 2010-இல் மைக்கேல் ஆப்டெட் இயக்கத்தில் 'டான் ட்ரெடர்' வந்தது. அதுவும் ஏறக்குறைய அதே வசூல்தான்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில், அதில் வரும் சிறுவன் யூஸ்டஸின் அம்மா மாடிப்படியின் கீழிருந்து குரல் கொடுக்கிறார், ஜில் போல் பார்க்க வந்திருக்கிறாள் என்று. ஜில், 'சில்வர் சேர்' கதையின் நாயகி. அடுத்த படத்துக்கு வைத்த அடிக்கல் அது. ஜில் வரவேயில்லை. 2011-இல் வால்டன் தரப்பில் 'மெஜீஷியன்ஸ் நெஃப்யூ' பற்றிப் பேசினார்கள், அதே ஆண்டில் அவர்களுடைய உரிமைக் காலம் முடிந்துபோனது. 2013-இல் மார்க் கார்டன் நிறுவனம் 'சில்வர் சேர்' எடுக்கப்போவதாக அறிவித்தது. திரைக்கதைக்கு டேவிட் மெகீ வந்தார், 2017-இல் இயக்குநராக ஜோ ஜான்ஸ்டன் பெயரும் வந்தது. 2018-இல் ஒட்டுமொத்த உரிமையும் நெட்பிளிக்ஸுக்குப் போனது. அந்தப் படம் பேச்சோடு நின்றுவிட்டது.

பாவம், இந்தப் புத்தகத்துக்கு ஜாதகத்திலேயே ஏதோ கோளாறு.

இதற்கெல்லாம் பரிகாரமாக அதை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 'மெஜீஷியன்ஸ் நெஃப்யூ'வைப் பார்த்துவிட்டு வருகிற ஒருவருக்கு அடுத்ததாகக் காட்ட இதைவிடப் பொருத்தமான கதை அந்த ஏழில் இல்லை என்பதே என் வாதம்.

'மெஜீஷியன்ஸ் நெஃப்யூ'வின் நடுவில் இருப்பது ஒரு படைப்புக் காட்சி. இருட்டில் அஸ்லான் என்ற சிங்கம் பாடுகிறது. பாட்டுக்கு நட்சத்திரங்கள் வருகின்றன, பிறகு அந்த உலகத்தின் முதல் சூரியன் எழுகிறது. மண் புடைத்து விலங்குகள் வெளியே வருகின்றன. அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து அஸ்லான் பேச்சைக் கொடுக்கிறது. லண்டனில் வண்டி இழுத்த கிழட்டுக் குதிரைக்குப் பேச்சும் கிடைக்கிறது, சிறகும் கிடைக்கிறது. ஜேடிஸ் என்ற சூனியக்காரி திருட்டு ஆப்பிளைத் தின்றுவிட்டு வடக்கே ஓடிப்போகிறாள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'சில்வர் சேர்' பக்கம் வாருங்கள். பல நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. காணாமல் போன இளவரசன் ரிலியனைத் தேடி ஜில்லும் யூஸ்டஸும் வடக்கே போகிறார்கள். துணைக்குச் சதுப்பு நிலத்துக்காரன் பட்டில்கிளம். பசியும் பனியும் வாட்ட, ஹார்ஃபாங் என்ற இடத்தில் அரக்கர்களின் கோட்டைக்குள் நுழைந்து மான்கறி சாப்பிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் அரக்கர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது: அந்த மான் பேசும் மானாம், கொல்லும்போது கெஞ்சியதாம். மூவருக்கும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஜில் புதியவள், அவளுக்கு மானை நினைத்து வருத்தம் மட்டும்தான். நார்னியாவிலேயே பிறந்த பட்டில்கிளம் செத்துவிடலாம் போலிருக்கிறது என்கிறான். பேச்சு அந்த விலங்குகளுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முந்தைய படத்தில் கண்ணால் பார்த்த பார்வையாளருக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கும். அலமாரிக் கதையில் அப்படியொரு இடம் கிடையாது.

இன்னும் பெரியது பாதாளக் காட்சி. மண்ணுக்கு அடியில், ரிலியனைப் பிடித்துவைத்திருக்கும் சூனியக்காரியான பச்சை உடைக்காரியின் அறை. அவள் கணப்பில் ஒரு பச்சைப் பொடியைத் தூவுகிறாள். இனிப்பான மணம் பரவுகிறது. நரம்புக் கருவி ஒன்றை ஒரே சுருதியில் மீட்டிக்கொண்டே இதமாகப் பேசுகிறாள். சூரியன் என்கிறீர்களே, அது எப்படி இருக்கும்? விளக்கைப் போலவா? அப்படியானால் விளக்கைப் பார்த்துவிட்டு நீங்களாகக் கற்பனை செய்துகொண்டதுதான் சூரியன். அஸ்லான்? பூனையைப் பார்த்துப் பெரிதாக்கிக்கொண்டது. ஒவ்வொருவராகத் தலையாட்டத் தொடங்குகிறார்கள். அப்போது பட்டில்கிளம் எழுந்துபோய் வெறுங்காலால் நெருப்பை மிதிக்கிறான். கால் கருகிய நாற்றத்தில் மயக்கம் தெளிகிறது. அதன் பிறகு வலியோடு நின்றபடி, நாங்கள் கற்பனை செய்ததாகவே இருக்கட்டும், உன்னுடைய நிஜ உலகத்தைவிட அந்தக் கற்பனை மேல் என்று அவளிடம் சொல்கிறான்.

வாளும் இல்லை, படையும் இல்லை. ஓர் அறை, ஐந்து பேர், நெருப்பு. குழந்தைகள் இலக்கியத்தில் இதற்கு இணையான விவாதக் காட்சியை நான் படித்ததில்லை. "சூரியன் என்று ஒன்று இல்லை" என்று அவள் சொல்லும்போது, அந்தச் சூரியன் முதன்முதலாக உதித்ததை முந்தைய படத்தில் பார்த்த அத்தனை பேரும் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் இயக்குநருக்கு இதைவிட என்ன வேண்டும்?

"ஜேடிஸின் கதை பாதியில் நிற்குமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவள் தோற்பது அலமாரிக் கதையில்தான். ஆனால் அதை 1988-இல் பிபிசி தொடராகவும், 2005-இல் டில்டா ஸ்விண்டன் நடிப்பில் படமாகவும் உலகம் பார்த்துவிட்டது. அதோடு, 'சில்வர் சேர்' முடியும் தறுவாயில் வயதான குள்ளன் ஒருவன் இந்தப் பாதாளக்காரியையும் வெள்ளைச் சூனியக்காரியையும் (ஜேடிஸ்தான் அவள்) ஒரே இனமாகச் சேர்த்துப் பேசுகிறான். வடக்கத்திச் சூனியக்காரிகளின் நோக்கம் என்றும் ஒன்றுதான், காலத்துக்குக் காலம் வழிதான் மாறும் என்கிறான். ஜேடிஸ் ஓடியது வடக்கே. முடிச்சைப் போட்டுவைத்திருப்பது லூயிஸேதான்.

"முந்தைய கதைகள் தெரியாமல் புரியுமா" என்பது அடுத்த கேள்வி. என் அக்கா மகள் பழைய புத்தகக் கடையில் கிடைத்த இந்த ஒன்றை மட்டும்தான் முதலில் படித்தாள். ஜில்லுக்கும் நார்னியா புதிது என்பதால் அவளோடு சேர்ந்து இவளும் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான். பள்ளியில் அடாவடிப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் புரிந்துகொள்ள எந்த முன்கதையும் வேண்டாம்.

ஒரு நட்டம் உண்டு, மறைக்கவில்லை. ரிலியனின் தகப்பன், கிழவராகிவிட்ட அரசர் காஸ்பியன், மகனைப் பார்த்த கையோடு இறந்துபோகும் இடம், அவரை இளைஞனாகப் பார்த்தவர்களுக்குத்தான் முழுதாக வலிக்கும். புதியவர்களுக்கு அது ஒரு தகப்பனின் சாவு. அதுவே போதும் என்று நினைக்கிறேன். ஆனால் முழு மனத்தோடு சொல்ல முடியவில்லை.

'ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' ஏன் கூடாது என்றும் கேட்பீர்கள். இதுவரை படமாகாத கதை, பேசும் குதிரைகள், பாலைவன ஓட்டம், அரவிஸ் என்ற துணிச்சல்காரப் பெண். எல்லாம் சரி. ஆனால் தெற்கே கலோர்மென் என்றொரு நாடு; அங்கே கறுத்த தோல், தலைப்பாகை, வளைந்த வாள், அடிமைச் சந்தை. வடக்கே வெளுத்தவர்களின் சுதந்திர பூமி. சிறுவயதில் விறுவிறுவென்று படித்தேன். இப்போது படித்தால் நாம் யார் பக்கத்து ஆட்கள் என்பது நன்றாகவே தெரிகிறது. அரவிஸை மட்டும் நல்லவளாக வைத்தது கணக்கைச் சரிசெய்துவிடவில்லை. கலோர்மெனை உள்ளிருந்து யோசித்து எழுதக்கூடிய ஒருவர் கிடைக்கும்வரை அதைத் தொட வேண்டாம். 'லாஸ்ட் பேட்டில்' உலகமே முடிகிற கதை, அதைக் கடைசியில்தான் எடுக்க முடியும்.

இடையில் ஒரு செய்தி. லூயிஸ் 1963-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு பதிப்புரிமை 60 ஆண்டுகள் என்பதால், 2024 ஜனவரி முதல் இங்கே அவருடைய எழுத்து பொதுச்சொத்து. (எழுத்து மட்டும். பாலின் பெய்ன்ஸ் வரைந்த படங்கள் இதில் சேராது.) பிரிட்டனில் 2033 முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஏழையும் நல்ல தமிழில் கொண்டுவர யாராவது முன்வரலாம். படத்தைவிட எனக்கு அதில்தான் ஆசை அதிகம்.

சரி, படத்துக்கு வருகிறேன். எடுத்தால் ஒன்றே ஒன்றைச் செய்யாதிருக்க வேண்டும்: இல்லாத போரைச் சேர்ப்பது. 'காஸ்பியன்' படத்தில் புத்தகத்தில் இல்லாத கோட்டைத் தாக்குதலைச் சேர்த்தார்கள். 'டான் ட்ரெடர்' படத்தில் பச்சைப் புகையும், ஏழு வாள்களைத் தேடிச் சேர்க்கும் வேலையும் எங்கிருந்தோ வந்தன. தீவு தீவாகப் போய் வியக்கும் கதையைப் பொருள் சேகரிக்கும் கதையாக்கிவிட்டார்கள். 'சில்வர் சேர்' கையில் கிடைத்தால் பாதாளத்துக் குள்ளர்களைப் படையாக அணிவகுக்க வைக்க எவருக்கும் கை துறுதுறுக்கும். பட்டில்கிளம் வேடத்தைக் கணினி உருவமாக்கிவிடவும் தோன்றும். அதுவும் வேண்டாம். 1990-இல் பிபிசி தொடரில் டாம் பேக்கர் ஒப்பனையோடும் தொப்பியோடும் நடித்தது இன்றும் பார்க்க நன்றாக இருக்கிறது, தொடரின் மற்ற ஜோடனைகள் எத்தனை ஏழ்மையாகத் தெரிந்தாலும். நெட்டையான, எதற்கெடுத்தாலும் கெட்டதையே எதிர்பார்க்கிற, முகத்தில் சிரிப்பே வராமல் நம்மைச் சிரிக்க வைக்கத் தெரிந்த நடிகர் ஒருவர் வேண்டும். உங்கள் மனத்தில் யார் வருகிறார் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். அலமாரிக் கட்சிக்காரர்களும் தாராளமாக வரலாம்.