நாற்பதாயிரம் ரூபாய் கேபிள் என்ன செய்யும்?

"அண்ணே, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரெண்டும் வாங்கியாச்சு. கேபிளுக்கு மட்டும் தனியா நாற்பதாயிரம் எடுத்து வைக்கச் சொல்றாங்க. வைக்கலாமா?" இன்பாக்ஸில் ஒரு தம்பி. இதே கேள்வி வேறு வேறு தொகைகளில் அடிக்கடி வருவதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வரவும்.

கேபிள் எதையும் சேர்க்காது. ஆம்ப் கொடுப்பதைக் கெடுக்காமல் ஸ்பீக்கரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் ஒரே வேலை. அதற்கு எவ்வளவு தடிமன் போதும் என்று கணக்குப் போட்டே சொல்லலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 7 மில்லிஓம். ஸ்பீக்கர் 3 மீட்டர் தூரத்தில் இருந்தால் போக வர 6 மீட்டர், அதாவது 42 மில்லிஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதனால் ஏற்படும் இழப்பு 0.05 டெசிபல்கூட வராது. நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினாலே காதுக்கு வரும் சத்தத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் இருக்கும்.

"உயர் அதிர்வெண் ஒயரின் மேல்தோலில் மட்டும்தான் ஓடும், அதனால் விசேஷ ஒயர் வேண்டும்" என்பார்கள். அந்த விளைவு உண்மைதான். ஆனால் காதுக்குக் கேட்கும் உச்சமான 20 கிலோஹெர்ட்ஸிலேயே அந்தத் தோலின் ஆழம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். 2.5 ஒயரின் குறுக்களவே சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான். வீட்டு நீளத்துக்கு இது ஒரு விஷயமே இல்லை.

சரி, மாற்றிப் போட்டதும் வித்தியாசம் கேட்டது என்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்: ரெண்டு வருஷம் தொடாமல் விட்ட ஆர்.சி.ஏ. பிளக்கை (பிளேயரை ஆம்ப்போடு இணைக்கும் கேபிளின் முனை)ப் பிடுங்கினால் அதன் கழுத்தில் மங்கலாகப் பச்சை படிந்திருக்கும். புதுக் கேபிளைச் செருகும்போது சாக்கெட்டில் இருந்த அழுக்கும் உரசிப் போய்விடும், ஒரு பக்கம் கரகரத்தது தெளியும். பழைய கேபிளையே நாலு தடவை கழற்றிச் செருகியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். பெயர் வாங்குவது மட்டும் புதுக் கேபிள்.

இன்னொரு காரணம் நம் காதும் மனசும். சத்தம் கால் டெசிபல் கூடினால்கூட நமக்கு அது "சத்தம் கூடியது" என்று தோன்றாது, "தெளிவு கூடியது" என்றுதான் தோன்றும். அதோடு கையிலிருந்து பெரிய தொகை போயிருக்கிறது, கேட்காமல் இருக்குமா? அதனால் சோதிப்பதென்றால் எந்தக் கேபிள் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது, ரெண்டிலும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். 2007-இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக்காரர் இதைத்தான் கேட்டார். ‘பியர் கேபிள்’ (Pear Cable) என்ற நிறுவனத்தின் ஆஞ்சூ ஸ்பீக்கர் கேபிள், 12 அடி ஜோடி 7,250 டாலர். சாதாரணக் கேபிளிலிருந்து அதைக் காதால் மட்டும் பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் பரிசு என்றார். நிறுவனம் பின்வாங்கிக்கொண்டது. பத்து லட்சம் டாலர்! எனக்கு அந்தக் கேபிள் மேல் நம்பிக்கை இருந்திருந்தால் விமான டிக்கெட்டைக் கடன் வாங்கியாவது போட்டிருப்பேன்.

டிஜிட்டல் பக்கம் இன்னும் வேடிக்கை. 2008 வாக்கில் டெனான் என்ற ஆடியோ நிறுவனம் ஒன்றரை மீட்டர் நெட்வொர்க் கேபிளை 499 டாலருக்கு விற்றது. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்று அம்புக்குறி வேறு.

கேபிளில் உண்மையாகவே பார்க்க வேண்டியவை உண்டு. முதலில், அது செம்புதானா? சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் மலிவாகக் கிடைக்கும் பல ஸ்பீக்கர் ஒயர்கள் செம்பு முலாம் பூசிய அலுமினியம். நுனியை உரித்து, ஒரு இழையை நகத்தில் வைத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதே தடிமனில் மின்தடை ஒன்றரை மடங்கு. ஸ்பீக்கர் பத்து மீட்டருக்கு அப்பால் இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் எடுங்கள். மாட்டும்போது ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு புரொடெக்‌ஷனுக்குப் போய்விடும், அதனால் ஒயரின் நுனியில் மாட்டும் பனானா பிளக்குக்குச் செலவழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்கவும். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜில் (ஊசி இருக்கும் தலை) உள்ள கம்பிச் சுருளும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் தன்மை) சேர்ந்து டிரெபிளையே மாற்றிவிடும். ஆடியோ டெக்னிகாவின் வி.எம். 95 கார்ட்ரிட்ஜ் வரிசைக்கு மொத்தம் 100 முதல் 200 பிக்கோஃபாரட் (கெப்பாசிட்டன்ஸின் அலகு) வரை இருக்கச் சொல்கிறார்கள். சாதாரணக் கேபிள் ஒரு மீட்டரிலேயே 100-ஐத் தொட்டுவிடும். இங்கே கேபிளின் வித்தியாசம் நிஜமாகவே காதில் விழும். அதற்கும் தேவை நீளம் குறைந்த, கெப்பாசிட்டன்ஸ் குறைந்த கேபிள்தான், விலை கூடியது இல்லை.

"ம்ம்ம்" என்று ஹம் வருகிறதா? முதலில் டிவிக்கு வரும் கேபிள் கனெக்‌ஷன் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் எர்த் லூப்பாக (ரெண்டு வழியாக எர்த் சேர்ந்து அதில் மின்சாரம் சுற்றுவது) இருக்கும். லட்ச ரூபாய்க் கேபிள் அதை நிறுத்தாது.

பின்னிய உறை, மரப்பெட்டி, தங்க முலாம் எல்லாம் பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். பட்டுப்புடவை மாதிரி, பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. "சவுண்டு ஸ்டேஜ் விரியும்", அதாவது பாட்டு மேடை போல அகலமாகப் பரந்து கேட்கும், என்று சொல்லி விற்பதுதான் எனக்கு ஆகவில்லை. அது விரிய வேண்டுமென்றால் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ரெண்டு அடி முன்னால் இழுங்கள், ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடி டீப்பாயைத் தூக்குங்கள், மொட்டைத் தரையில் ஒரு கனமான கம்பளம் போடுங்கள். கம்பளம் மட்டும்தான் காசு.