'நீ-ஜெர்க் ரியாக்‌ஷன்' பாராட்டு இல்லை

சட்டென்று செயல்படுகிறவரைப் பாராட்ட ஆங்கிலத்தில் 'நீ-ஜெர்க் ரியாக்‌ஷன்' (knee-jerk reaction, 'நீ' என்றால் முழங்கால்) என்று எழுதலாம் என ஒருவர் சொல்லியிருக்கிறார், பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். வேகம் என்பது சரி, ஆனால் அது பாராட்டு இல்லை. மருத்துவர் முழங்கால் சில்லுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் தானாக எகிறுமே, 1875-லேயே மருத்துவர்கள் எழுதிவைத்த அந்த அனிச்சைச் செயலிலிருந்து வந்த சொல் இது. அதாவது யோசிக்காமல் பாய்வது. ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள், பொருளுக்கு முன்னாலேயே 'டிஸ்அப்ரூவிங்', அதாவது குறை சொல்லும் தொனி, என்று குறிப்பு இருக்கும். மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் இது போய்விட்டால் அவரைக் குறை சொன்னதாகவே ஆகிவிடும், அதனால்தான் சொல்கிறேன். பாராட்ட வேண்டுமென்றால் 'ப்ராம்ப்ட் ரெஸ்பான்ஸ்' (உடனடிப் பதில்) போதும்.