மண்ணை மட்டும் சோதித்தால் போதாது, தானிய மணியையும் சோதியுங்கள்

"பயிர் பச்சையாத்தானே நிக்குது, அப்புறம் மண்ணுல விஷம் இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மண்ணில் உப்பு ஏறினால் இலை நுனி கருகும், தழைச்சத்து குறைந்தால் இலை மஞ்சளாகும். நிலத்தோடு பழகியவர்கள் பயிரைப் பார்த்தே மண்ணின் குறையைச் சொல்லிவிடுவார்கள். காட்மியம் என்ற நச்சு உலோகம் மட்டும் அந்தக் கண்ணுக்குச் சிக்குவதில்லை. சாப்பிடுகிறவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதுமான அளவு மணியில் ஏறியிருந்தாலும் நெல் தூர் கட்டும், கதிர் தள்ளும், விளைச்சலும் குறையாது. அரிசியின் நிறமோ மணமோ ருசியோ மாறாது.

வேர் ஏன் இந்த விஷத்தை உள்ளே விடுகிறது? அது விஷம் என்று வேருக்குத் தெரியாது, அவ்வளவுதான். நெல்லுக்கு மாங்கனீசு வேண்டும். அதை உறிஞ்சிக்கொள்ள வேரில் ஒரு புரதம் வாசல்போல இருக்கிறது. காட்மியமும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது என்பது 2012-இல் வந்த ஆய்வுகளில் தெளிவானது. இன்னொரு நஞ்சான ஆர்சனிக்கின் கதையும் இதுதான். நெல் மண்ணிலிருந்து சிலிக்கனை ஏராளமாக எடுக்கும் பயிர். தண்ணீர் தேங்கிய வயலில் ஆர்சனிக் எடுக்கும் வடிவம், சிலிக்கன் போகும் பாதையிலேயே வேருக்குள் போய்விடுகிறது. ஈயம் கொஞ்சம் வேறு மாதிரி. அது மண்ணோடும் வேரின் சுவரோடும் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கதிரில் ஈயம் இருந்தால் காற்றில் வந்து படிந்த தூசியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆகவே 'கன உலோகம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் இடம். காட்மியமும் ஆர்சனிக்கும் தண்ணீர் விஷயத்தில் நேர் எதிராக நடந்துகொள்கின்றன. வயலில் தண்ணீர் நின்றால் மண்ணில் உயிர்வளி தீர்ந்துபோகும். அப்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகி அடங்கிவிடும். ஆனால் அதே நிலையில் இரும்புத் துருவோடு ஒட்டிக்கிடந்த ஆர்சனிக் கழன்று தண்ணீரில் கரையும். தண்ணீரை வடித்தால் எல்லாம் தலைகீழ்: ஆர்சனிக் அடங்கும், காட்மியம் கிளம்பும். கதிர் வெளிவரும் சமயத்துக்கு முன்னும் பின்னும் சுமார் மூன்று வாரம் வயலில் தண்ணீரைத் தேக்கிவைத்துக் காட்மியத்தைக் குறைப்பது ஜப்பானில் பழகிய முறை. இன்னொரு பக்கம், தண்ணீரைச் சேமிக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடச் சொல்கிறோம். அது நல்ல முறைதான், ஆர்சனிக்கையும் குறைக்கும். ஆனால் காட்மியம் கலந்த வயலில் அதே யோசனை அரிசியைக் கெடுத்துவிடலாம். எந்த வயலில் எது இருக்கிறது என்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரே யோசனை சொல்வது, நோயைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது மாதிரி.

மண்ணைத்தான் சோதிக்கிறார்களே என்பீர்கள். சோதிக்கிறார்கள். சீனா 2014-இல் வெளியிட்ட நாடு தழுவிய மண் ஆய்வில், விளைநிலங்களில் எடுத்த மாதிரிகளில் 19.4 விழுக்காடு மாசு வரம்பைத் தாண்டியிருந்தன. மிரள வைக்கிற எண். ஆனால் அந்த ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் விளையும் தானியம் முழுவதும் ஆபத்தானது என்றோ, மீதி நிலத்து அரிசி பாதுகாப்பானது என்றோ அந்த எண் சொல்லவில்லை. மண்ணில் மொத்தம் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பது ஒன்று, வேருக்கு எட்டுகிற அளவு எவ்வளவு என்பது வேறொன்று. அமிலத்தன்மை கூடிய மண்ணில் கொஞ்சம் காட்மியமே நிறைய ஏறிவிடும். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அதைவிட அதிகம் இருந்தாலும் குறைவாக ஏறும். ரகத்துக்கு ரகம் மாறும், அந்த ஆண்டு தண்ணீர் எப்படி விட்டார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். பயிரும் முக்கியம்: பாஸ்தாவுக்குப் பயன்படும் டியூரம் கோதுமை, ரொட்டிக் கோதுமையைவிடக் காட்மியத்தை அதிகம் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் சொல்கிறேன், தீர்ப்பு மணியைப் பார்த்துத்தான் வர வேண்டும். தீட்டிய அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், கனிம ஆர்சனிக் 0.2 மில்லிகிராம் என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வரம்பு வைத்திருக்கிறது. அளவுகோல் கையில் இருக்கிறது. அளப்பதுதான் குறைவு.

தவிட்டை நீக்கினால் ஆர்சனிக் ஓரளவு குறையும். காட்மியம் மணியின் உள்ளேயும் இறங்கியிருக்கும், தீட்டினால் போய்விடாது. உடம்புக்குள் போனபின் நிலைமை இன்னும் மோசம். சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஜப்பானின் தோயாமா பகுதி காட்டியது. மேலே காட்மியக் கழிவை ஆற்றில் விட்ட காமியோகா சுரங்கம், கீழே அந்த ஜின்சு ஆற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயல்கள். அங்கே முக்கியமாகப் பல பிள்ளைகள் பெற்ற, வயதான பெண்களுக்கு எலும்பு மெலிந்து, இருமினால்கூட முறிந்தது. அவர்கள் கதறிய 'இத்தாய், இத்தாய்', அதாவது 'வலிக்குது, வலிக்குது' என்பதே நோயின் பெயராகிவிட்டது. உள்ளூர் மருத்துவரான ஹகினோ நொபொரு 1950-களிலேயே சுரங்கத்தைச் சுட்டினார். 1968-இல்தான் அரசு அதை மாசுபாட்டால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. நோயாளிகளும் குடும்பத்தாரும் சுரங்கத்தை நடத்திய மிட்சுய் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, 1971-இலும் மேல்முறையீட்டில் 1972-இலும் வென்றார்கள். அந்த வயல்களின் மண்ணைச் சீராக்கும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது. 33 ஆண்டுகள்!

வழிகள் இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு இட்டு அமிலத்தன்மையைக் குறைக்கலாம். காட்மியம் குறைவாக ஏறும் ரகங்களும் வந்துவிட்டன. மாங்கனீசு வாசலையே பழுதாக்கிய ஒரு கோஷிஹிகாரி நெல் ரகத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள், அதன் மணியில் காட்மியம் கிட்டத்தட்ட இல்லை. வாசல் ஒன்று என்பதால் மாங்கனீசும் குறைவாகத்தான் போகும், அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். உலோகத்தை உறிஞ்சும் செடிகளை நட்டு மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்று அடிக்கடி பகிர்கிறார்கள். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும், அறுத்த செடியையும் எங்காவது பத்திரமாகச் சேர்க்க வேண்டும். வைக்கோலையும் மறந்துவிடக் கூடாது. காட்மியம் மணியைவிட வைக்கோலில்தான் பெரும்பாலும் அதிகம். அதை அங்கேயே மடக்கி உழுதால் விஷம் திரும்ப மண்ணுக்கே வருகிறது.

இத்தனையையும் விவசாயி தலையில் கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சுரங்கக் கழிவையும் ஆலைத் தண்ணீரையும் அவர் விடவில்லை. காட்மியம் கலந்த பாஸ்பேட் உரத்தை அவர் தயாரிக்கவில்லை. அந்த உரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு கொண்டுவந்து 2022-இல்தான் நடைமுறைப்படுத்தியது. தானியத்தைச் சோதித்து, வரம்பு தாண்டியது என்று சொன்னால் அவருக்கு ஓராண்டு உழைப்பு போய்விடும். இழப்பீடு உறுதியாகாத இடத்தில் யார் மனமுவந்து மாதிரி கொடுப்பார்? எனவே சோதனைக்கு முன்பே இழப்பீட்டுக்கு உத்தரவாதம் வேண்டும், அந்தப் பணம் மாசுபடுத்தியவரிடமிருந்து வர வேண்டும். முடிவு வயல்வாரியாக விவசாயி கைக்கு முதலில் போக வேண்டும்.

ஜின்சு ஆற்றங்கரை மக்கள் 1972-இல் வழக்கை வென்றபோது பணத்தோடு நிற்கவில்லை. சுரங்க ஆலைக்குள் தாங்களே நிபுணர்களோடு போய்ப் பார்க்கும் உரிமையையும், அந்தச் சோதனைக்கான செலவை நிறுவனமே தரும் என்ற ஒப்பந்தத்தையும் எழுதி வாங்கினார்கள். அதன்படி ஆண்டுதோறும் போய்ப் பார்த்து வந்திருக்கிறார்கள்.