வாயேஜர் தங்கத் தட்டுல தமிழ் இல்ல அண்ணே

குமார் அண்ணே, உங்க பதிவுல, நாசாவோட வாயேஜர் விண்கலத்துல வேற்றுகிரகவாசிகளுக்கு அனுப்புன தங்கத் தட்டுல, அதாவது அந்த ஒலித்தட்டுல, தமிழ் வணக்கம் இருக்கு, அதுல வர்ற இந்தியப் பாட்டு கர்நாடக சங்கீதம்னு போட்டிருக்கீங்க, ரெண்டுமே தப்பு. 1977-ல போன அந்தத் தட்டுல 55 மொழியில வாழ்த்து இருக்கு, தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் இருக்கு, தமிழ் இல்ல. எனக்கும் வருத்தம்தான், அதுக்காக இல்லாததை இருக்குன்னு சொல்ல முடியாதுல்ல. அதுல பாடுறது பாடகி கேசர்பாய் கேர்கர், பைரவி ராகம், சுத்தமான ஹிந்துஸ்தானி, அதாவது வட இந்திய சங்கீதம்.

வேணும்னே தமிழை ஒதுக்கிட்டாங்கன்னு உங்க பதிவுக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருக்காரு, அதுக்கும் ஆதாரம் இல்ல. வாழ்த்தெல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல, அங்க கிடைச்ச ஆளுங்கள வச்சு அவசர அவசரமா பதிவு பண்ணது, பேசுறவங்களுக்கு சுருக்கமா வாழ்த்து சொல்லுங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க.

இதை இப்பவே சொல்றதுக்குக் காரணம், பினாங்குல நம்ம தமிழ்ப்பள்ளி பிள்ளைங்க கண்காட்சி போர்டுல நீங்க போட்டதை அப்படியே எழுதப் போறாங்க. திருத்திடுங்க லா. அதுக்குப் பதிலா நீங்களே என்ன அனுப்புவீங்கன்னு பிள்ளைங்ககிட்ட கேக்கலாம். என்னைக் கேட்டா தைப்பூசத்துல பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது அடிக்கிற உருமி மேளம், அந்த வளைஞ்ச குச்சி தோல்ல உரசி உறுமுற சத்தம், அதைத்தான் முதல்ல வைப்பேன். கேக்குறவங்களுக்கு மொழி தெரியணும்னு அவசியமே இல்ல.