சில்எய்ட்டி வெறும் அலங்காரம் அல்ல
ஜப்பானிய கார்களின் விநோத பாடி மாற்றங்கள் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் சில்எய்ட்டியை (சில்வியாவின் முன்பக்கத்தை மாட்டிய நிசான் 180எஸ்எக்ஸ் கார்) ‘அழகுக்காகச் செய்த ஒட்டுவேலை’ என்று ஒரே வரியில் முடித்திருக்க வேண்டாம்.

நிசான் 180எஸ்எக்ஸும் எஸ்13 தலைமுறை சில்வியாவும் ஒரே அடித்தளத்தில் உருவானவை. 180எஸ்எக்ஸ் சரிந்த முதுகும் பின்கதவும் கொண்டது, ஹெட்லைட் மேலே எழும்பும் வகை. சில்வியா, தனி டிக்கி கொண்ட கூபே; அதன் விளக்குகள் அசையாதவை. காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் பழகுபவர்களுக்கு முன்பக்கம் இடிபடுவது சகஜம். மோட்டார் வைத்த எழும்பும் விளக்குகள் கனமும் கூட, செலவும் கூட. சில்வியாவின் பானெட், ஃபெண்டர், பம்பர், விளக்கு எல்லாம் பெரிய வெட்டு, வெல்டிங் இல்லாமல் 180எஸ்எக்ஸில் போல்ட் போட்டே மாட்டிவிடலாம். அடிபட்ட காரை மறுபடி ஓடவைக்கக் கண்டுபிடித்த வழி இது. அப்புறம்தான் அந்த முகத்துக்கே ரசிகர்கள் வந்தார்கள். 1998-ல் கிட்ஸ் ஹார்ட் நிறுவனம் சில்எய்ட்டியை முழுக் காராகவே செய்து விற்றது.

இதைத் திருப்பிப் போட்டால் ஒன்வியா: சில்வியா உடம்பில் 180எஸ்எக்ஸ் முகம். வட அமெரிக்காவில் இதே கார்கள் 240எஸ்எக்ஸ் என்ற பெயரில் விற்றன; அதன் கூபே தொழிற்சாலையிலிருந்தே அந்தத் தோற்றத்தில்தான் வந்தது.

நிசானின் ஸ்டேஜியா வேகன் பற்றியும் எழுதுங்கள். அதில் நிசானின் ஆர்34 தலைமுறை ஸ்கைலைன் காரின் முகத்தைப் பொருத்துபவர்கள் நிறைய. நிசானின் துணை நிறுவனமான ஆட்டெக் செய்த ஸ்டேஜியா 260ஆர்எஸ் ரகத்தில், ஸ்கைலைனின் உச்ச ரகமான ஜிடி-ஆரின் ஆர்பி26 எஞ்சினே இருக்கிறது. ஆகவே அந்த முகம் அதற்கு முழு உரிமையோடு பொருந்தும். என் கண்ணுக்கு, இந்த மாற்றங்களில் மிக அழகானது அதுதான்.